அன்று தேமலுக்குப் பயம், இன்று கருமைக்குப் பயம்

வேலூர் லாங் பஜாரில் ஏதாவது ஒரு நாட்டு மருந்துக் கடை முன் நின்று, "குளியல் பொடிக்குச் சாமான் கட்டுங்கண்ணே" என்றால் போதும். சீட்டுக் கேட்கமாட்டார்கள். பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா மொட்டு, கார்போக அரிசி என்று டப்பா டப்பாவாகத் திறந்து, கையளவிலேயே அள்ளிப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துக் காயப்போட வேண்டும். வேலூர் வெயிலுக்கு இரண்டு நாள் தாராளம். ஆவாரம்பூவை விரலில் நொறுக்கினால் சத்தம் வர வேண்டும். கிழங்குகளை உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ள வேண்டும். பிறகு மிஷினுக்குப் போக வேண்டும். அங்கேயும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அரிசியும் மிளகாயும் அரைக்கிற மிஷினில் இதைக் கொட்டவிடமாட்டார்கள். சீயக்காய் மிஷின் தனி. அரைத்து வரும் பொடி கை பொறுக்கும் சூட்டில் இருக்கும். நன்றாக ஆறிய பிறகுதான் டப்பாவில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும்.

பாகாயம், தொரப்பாடி, ஓட்டேரிப் பக்கத்து வீடுகளில் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்பு தோலுக்கான வைத்தியம் பெரும்பாலும் இந்த ஒரு டப்பாவுக்குள் அடங்கிவிட்டது. பிறந்த குழந்தைக்குப் பயத்தம் மாவு. வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கல்லில் உரசிய மஞ்சள். கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் உர்தூ பேசும் வீடுகளில் இதற்கு இணையாக உப்டன்: கடலை மாவு, மஞ்சள், சந்தனம், பால். மதம் எதுவானாலும் கல்யாணத்துக்கு முன்பு பெண்ணின் கன்னத்தில் பூசியது ஏறக்குறைய ஒரே பண்டங்களைத்தான்.

அந்தக் காலத்தில் நிற ஆசை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுத்தது பிள்ளை சிவப்பாகப் பிறக்கத்தான். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று பாராட்டுவதுபோலச் சொன்ன பேச்சில், அந்த 'இருந்தாலும்' எவ்வளவு பெண்களைக் குத்தியிருக்கும்! ஆசை பழையதுதான். ஆனால் அந்த ஆசையைப் பொடி டப்பாவின் மேல் யாரும் ஏற்றிவைக்கவில்லை. பொடி வேலை செய்தது அழுக்கு, எண்ணெய்ப்பிசுக்கு, வியர்க்குரு, அரிப்பு, நாற்றம் ஆகியவற்றின் மேல். இத்தனை நாளில் இத்தனை சிவப்பு என்று அது வாக்குக் கொடுத்ததில்லை.

இதற்குச் சாட்சி அந்தப் பொட்டலத்திலேயே இருக்கிறது. கார்போக அரிசி என்பது அரிசி இல்லை. சிறுநீரக வடிவில் கறுத்திருக்கும் ஒரு செடியின் விதை. சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் வெண்புள்ளிகளுக்குக் காலங்காலமாகக் கொடுக்கப்படுவது இதுதான். இதில் உள்ள சோராலென் என்ற பொருள் தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் நிறமி கூடுதலாகச் சுரக்கும். நவீன மருத்துவத்திலும் வெண்புள்ளிக்குச் சோராலெனும் புற ஊதாக் கதிரும் சேர்ந்த சிகிச்சை உண்டு. அதாவது, 'முகம் வெளுக்க நலங்கு மாவு' என்று இன்று பாக்கெட்டில் அச்சடித்து விற்கிறார்களே, அந்த மாவில் நிறம் ஏற்றும் சரக்கும் ஒன்று இருக்கிறது. பொடியைக் கூட்டிய முன்னோர் வெளுப்பதற்காகக் கூட்டியிருந்தால் இதைச் சேர்த்திருக்கவேமாட்டார்கள். சரும நோய் வராமலிருக்கச் சேர்த்தார்கள்.

தேமலைப் பார்த்த ஊர்

நிறம் சீராக இல்லை என்றால் அன்று பாகாயத்தில் மனசு எங்கே போகும்? கண்ணாடிக்குப் போகாது, தொழுநோய்க்குப் போகும். அதற்குக் காரணம் இருந்தது.

காட்பாடியிலிருந்து வரும் டவுன் பஸ் கடைசியாக வந்து நிற்கும் பாகாயத்தில்தான் சி.எம்.சி. எனப்படும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வளாகம் இருக்கிறது. ஐடா ஸ்கடர் என்ற மருத்துவர் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1942-ல் கல்லூரியாகி, 1947-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 1946-ல், பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூருக்கு வந்தார். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தியவர். கை நிமிர்ந்தும் ஊர் ஏற்றுக்கொள்ளாதவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கக் கல்லூரி வளாகத்திலேயே மண்சுவர்க் குடிசைகள் எழும்பின. நவஜீவ நிலையம் என்று பெயர். 1955-ல் காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே தனி ஆராய்ச்சி நிலையம் வந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நோயாளிகள் இந்த வட்டாரத்துக்கு வந்தார்கள்.

அதனால் இந்தப் பக்கத்து மக்களுக்கு ஒரு பழக்கம் படிந்திருந்தது. உடம்பில் வெளிறிய தேமல் தெரிந்தால் அதில் எதையும் பூசுவதற்கு முன் தொட்டுப் பார்ப்பார்கள். பஞ்சுத் திரியால் வருடினால் தெரிகிறதா? பேனா முனை பட்டால் உறைக்கிறதா? "உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறி" என்ற சுவர் விளம்பரம் பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லா இடத்திலும் இருந்தது. உணர்ச்சி இருந்தால் அது சாதாரணத் தேமல், பூஞ்சையால் வருவது. இல்லாவிட்டால் மறுநாளே ஆஸ்பத்திரி.

அதன் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதில் குளோபாசிமின் என்று ஒரு மருந்து. அது நோயை அடக்கும். ஆனால் தோலைச் செம்மண்ணும் கருப்பும் கலந்த நிறத்துக்குக் கொண்டுபோகும். மருந்தை நிறுத்திய பிறகு அந்த நிறம் மெல்ல மெல்ல மாதக்கணக்கில்தான் மங்கும். நோய் போனால் போதும் என்று விழுங்கியவர்கள் பலர். முகம் கறுத்ததும் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று மாத்திரையைக் கீழே போட்டவர்களும் உண்டு. தோலின் நிறம் ஒருவரை எவ்வளவு தூரம் ஓட வைக்கும் என்பதை இந்த ஊர் மருத்துவர்கள் அழகுக் கிரீம்கள் பெருகுவதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள். 2005 டிசம்பரில் நாடு தழுவிய அளவில் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் கீழே தொழுநோய் இறங்கியது. சுவர் விளம்பரங்கள் மங்கின. கூடவே தொட்டுப் பார்க்கும் பழக்கமும் மங்கிவிட்டது.

தோலுக்கு நிறம் கொடுத்த தொழில்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றங்கரையில் நீளும் தோல் வட்டாரத்துக்கு நிறத்தைச் சீராக்குவது தினசரி வேலை. மனிதத் தோலை அல்ல, ஆட்டுத்தோலை, மாட்டுத்தோலை.

அன்றைய பதனிடும் குழியில் கிடந்ததும் ஆவாரைதான். முகத்துக்குப் பூ, தோலுக்குப் பட்டை. ஆவாரம் பட்டையின் துவர்ப்புச் சத்து தோலை அழுகாமல் இறுக்கிப் பிடிக்கும். அப்படிப் பதனிட்ட வெளிர்நிறத் தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போய் நல்ல பெயர் வாங்கியது. அதற்கு ஒரு குறை இருந்தது. வெளிச்சத்தில் வைத்தால் சிவந்துபோகும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்தார்கள். வெயில் பட்டால் நிறம் மாறும், மாறாமல் தடுப்பதே முறை என்ற அறிவு டேனரித் தொழிலாளிக்கு அன்றே இருந்தது. தன் முகத்துக்கு அதைப் பொருத்திப் பார்க்கத்தான் அவருக்கு நேரமில்லை. சுண்ணாம்புக் குழியில் கை வெந்து, பட்டைச் சாயத்தில் நகம் பழுத்து நின்றவருக்கு வீட்டில் இருந்த மருந்து தேங்காய் எண்ணெய்.

பிறகு குரோம் பதனிடல் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் சோதித்துப் பார்த்த முறை அது. 1970-களில் அரசு பச்சைத் தோலின் ஏற்றுமதியை நிறுத்தி, அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு போட்டு, முழுதாக முடித்த சரக்கை அனுப்பச் சொன்னது. அதன் பிறகு இங்கே குரோம் வேகமாகப் பரவியது. வாரக்கணக்கில் குழியில் ஊறிய தோல், மரப் பீப்பாயில் சுழன்று ஒன்றிரண்டு நாளில் நீலம் பாரித்து வெளியே வந்தது. கழிவு பாலாற்றுக்கும் கிணற்றுக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்பு அது.

தோல் தொழிலுக்கும் நிறக் கிரீமுக்கும் இன்னும் நேரடியான உறவு ஒன்று இருக்கிறது. 1939-ல் அமெரிக்காவில் ஒரு டேனரியில் ரப்பர் கையுறை போட்டு வேலை செய்தவர்களின் கைகளில் வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. ஆராய்ந்ததில், ரப்பர் கெடாமலிருக்கச் சேர்த்த ஹைட்ரோகுவினோன் வகை ரசாயனம் ஒன்று நிறமிச் செல்களை அழித்திருப்பது தெரிந்தது. தொழிலாளிக்கு விபத்து, மருந்துலகத்துக்கு அது ஒரு துப்பு. அந்தக் குடும்பத்து ரசாயனங்களே பின்னால் மங்குக்கும் கரும்புள்ளிக்கும் பூசும் மருந்தாயின. ஹைட்ரோகுவினோனை மருத்துவர் கண்காணிப்பில் சில மாதம் பூசினால் பலன் உண்டு. வருடக்கணக்கில் பூசினால் சிலருக்கு முகத்தில் நீலக்கருப்புப் படலம் நிரந்தரமாகப் படிந்துவிடும். வெளுக்கப் பூசியதே கறுக்க வைக்கும்.

டப்பா போய் ட்யூப் வந்தது

பொடிக்கும் கிரீமுக்கும் நடுவே சோப்பு வந்தது. 1969-ல் சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி.சித்தன், தொழிலாளர்களின் சரும நோய்க்காகக் கூட்டிய மூலிகைச் சோப்பு மெடிமிக்ஸ். அதன் பேச்சும் சொறி, சிரங்கு, அரிப்பு பற்றித்தான். 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தபோதுதான் பேச்சு மாறியது. ஆறு வாரத்தில் சிவப்பு, சிவப்பானால் வேலை, வேலை கிடைத்தால் மாப்பிள்ளை என்று விளம்பரங்கள் கதை சொல்ல ஆரம்பித்தன. 1998-ல் சென்னை நிறுவனமான கெவின்கேர், குங்குமப்பூவும் பாலும் என்று சொல்லி ஃபேர்எவரை இறக்கியது. பாட்டி கொடுத்த குங்குமப்பூப் பாலே ட்யூபுக்குள் வந்துவிட்டதாகப் பெண்கள் நம்பினார்கள். சின்னச் சின்னப் பாக்கெட்டில் பெட்டிக்கடைக் கம்பியில் தொங்கியதால் கூலி வாங்கிய கையோடு வாங்க முடிந்தது. 2005-ல் ஆண்களுக்கென்று தனிக் கிரீமும் வந்தது.

அதே ஆண்டுகளில் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகள் பெருகின. தையல் மிஷினிலும் ஒட்டும் மேசையிலும் பெரும்பாலும் பெண்கள். விடியும் முன்னே கம்பெனி பஸ் ஏறி, இருட்டிய பிறகு இறங்கும் வாழ்க்கை. பொடி காயவைக்க மாடியும் இல்லை, நேரமும் இல்லை. மாதச் சம்பளம் கையில் இருந்தது. பூச ஒரு நிமிடம் ஆகும் ட்யூப் அந்த வாழ்க்கைக்குப் பொருந்தியது. இதில் அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நலங்கு மாவின் பெருமையைப் பேசுபவர்கள், அதை இடித்துச் சலித்த கைகள் யாருடையவை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

விளம்பரக் கிரீம்களோடு நின்றிருந்தால் நஷ்டம் காசோடு போயிருக்கும். அடுத்து வந்தது மெடிக்கல் ஷாப் ட்யூப். "அண்ணே, முகத்துக்கு அந்த நைட் கிரீம் ஒண்ணு குடுங்க." "மங்கா, பருவாம்மா?" "ரெண்டும்தாண்ணே. பக்கத்து வீட்டு அக்கா போட்டாங்க, பளிச்சுன்னு ஆயிட்டாங்க." கைமாறும் ட்யூபில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் இருக்கும்: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மோமெட்டாசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டு. 1975-ல் கிளிக்மன் என்ற அமெரிக்க சரும மருத்துவர் மங்குக்காக வகுத்த கூட்டின் வாரிசு இது. குறுகிய காலத்துக்கு, மருத்துவர் பார்வையில் பூசுவதற்கு உரியது. இங்கே அது பவுடர் பூசுவதுபோலப் பூசப்பட்டது.

முதல் இரண்டு வாரம் முகம் உண்மையாகவே பளிச்சென்று ஆகும். வினையே அந்தப் பளிச்சில்தான். மூன்று நான்கு மாதத்தில் கன்னம் சிவந்து, ரத்த நாளங்கள் சிவப்பு நூல் ஓடியதுபோலத் தெரியும். தோல் மெலியும். மேலுதட்டிலும் தாடையிலும் முடி தடிக்கும். பரு கொத்துக் கொத்தாக வரும். வெயிலில் நின்றால் எரியும். பயந்து நிறுத்தினால் எல்லாம் இரண்டு மடங்காகும். திரும்பப் பூசினால் அடங்கும். அப்படியே பழக்கமாகிவிடும். இந்தியச் சரும மருத்துவர் சங்கம் இதற்கென்றே தனிப் பணிக்குழு அமைத்துப் போராடியது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்த பிறகும் மேலே எழுதிய உரையாடல் நிற்கவில்லை.

ஃபோனில் கற்கும் வைத்தியம்

2020 ஜூலையில் ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதற்குள் பேச்சு முழுவதும் ஃபோனுக்குப் போய்விட்டது. 'சிவப்பழகு' என்று இப்போது யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. 'ஸ்கின் டோனை ஈவன் பண்ணலாம்' என்கிறார்கள். பாட்டியின் பண்டங்களே திரும்ப வந்திருக்கின்றன, ஆனால் வேறு முறையில். எலுமிச்சைச் சாறு, தக்காளி, உருளைக்கிழங்குச் சாறு, காபித்தூள், சமையல் சோடா, போதாததற்குப் பற்பசை. ஏழு நாள் சவால், மூன்று நாள் சவால்.

இதில் எதை நம்பலாம், எதை ஒதுக்கலாம்? பயத்தம் மாவும் கடலை மாவும் அழுக்கையும் செத்த தோலையும் மென்மையாக எடுக்கும். மங்கலாகத் தெரிந்த முகம் தெளியும். தயிரில் லாக்டிக் அமிலம் உண்டு, கொஞ்சம் மிருதுவாக்கும். கற்றாழை ஈரம் தரும், எரிச்சலை ஆற்றும். அதிமதுரத்தில் உள்ள கிளாப்ரிடின் நிறமி சுரப்பதைக் குறைக்கக்கூடியது என்பதால் அழகுசாதன நிறுவனங்களே அதன் சாரத்தைச் சேர்க்கின்றன. வீட்டுப் பொடியில் அந்த வீரியத்தை எதிர்பார்க்க முடியாது. மஞ்சள் வீக்கத்தையும் கிருமியையும் ஓரளவு அடக்கும். பிறவி நிறத்தை இவற்றில் எதுவும் மாற்றாது.

ஒதுக்க வேண்டியவற்றில் முதலிடம் எலுமிச்சைக்கு. அதன் புளிப்பு தோலைப் பொசுக்கும். கூடவே, வெயிலோடு சேர்ந்தால் தோலைக் கருக்கும் பொருள்களும் அதில் உள்ளன. முகத்தில் எலுமிச்சை தேய்த்துவிட்டு வேலூர் வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டுவது, கருமையைக் காசு கொடுத்து வாங்குவதற்குச் சமம். சோடாவும் பற்பசையும் முகத்துக்கு ஆகவே ஆகாது. கார்போக அரிசி சேர்த்த பொடியைப் பூசினால் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வெயிலுக்குப் போக வேண்டும். மஞ்சள் வாங்கும்போதும் கண் வேண்டும். பளபளக்கும் மஞ்சளுக்காக ஈயக் குரோமேட் பூசும் கலப்படத்தை 2019-ல் வங்கதேசத்தில் ஆய்வாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். கண்ணைப் பறிக்கும் நிறம் நல்ல மஞ்சளுக்கு அடையாளம் இல்லை.

வீட்டுப் பொருளைவிடப் பெரிய ஆபத்து, ஃபோன் வழியாகவும் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பெட்டியிலும் வரும் பெயர் தெரியாத வெளுப்புக் கிரீம்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கும். பாதரசம் நிறமி உருவாவதைத் தடுக்கும், அதனால்தான் சேர்க்கிறார்கள். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் உட்காரும். 2023-ல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், சிறுநீரில் புரதம் ஒழுகி உடம்பு வீங்கி வந்த நோயாளிகளை விசாரித்த மருத்துவர்கள், அவர்களில் பலர் பூசிய பொதுப்பொருள் வெளுப்புக் கிரீம் என்று கண்டுபிடித்தார்கள்.

இங்கே ஆம்பூர்க்காரர்கள் யோசிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. தோலைத் தொடும் தோல் பொருள்களில் ஆறிணைதிறன் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதித்திருக்கிறது. கப்பலேறும் ஷூவை ஆய்வகத்தில் சோதித்துச் சான்று வாங்குகிறார்கள். ஏதோ ஓர் ஐரோப்பியர் பாதத்துக்கு அரிப்பு வரக் கூடாது என்பதற்காக இவ்வளவு கவனம். அந்த ஷூவைத் தைக்கும் பெண்ணின் முகத்துக்குப் போகும் கிரீமை யார் சோதித்தார்கள்?

கழுத்து சொல்லும் சேதி

அன்றைய தேமலின் இடத்தில் இன்று வந்து உட்கார்ந்திருப்பது கழுத்துக் கருமை. பின்கழுத்தும் அக்குளும் கறுத்து, தடித்து, வெல்வெட்டுபோல ஆகியிருக்கும். அழுக்கு என்று நினைத்து அம்மா பீர்க்கங்கூடால் தேய்ப்பார்; மகள் எலுமிச்சையும் சர்க்கரையும் தேய்ப்பாள். போகாது. அது அழுக்கே இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், அளவுக்கு மேல் சுரப்பதால் தோல் அப்படித் தடிக்கிறது. சர்க்கரை நோய் வாசலில் நிற்கிறது என்பதற்கு வெளியில் தெரியும் அறிகுறி இது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையின் கழுத்து கறுத்தால் அழகு நிலையத்துக்குப் போவதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். எடை குறைந்து, நடை கூடினால், எதையும் பூசாமலே அந்தக் கருமை வெளிறும்.

மங்குக்கும் இதே கதைதான். பிள்ளைப்பேறு, கருத்தடை மாத்திரை, பரம்பரை, வெயில் எல்லாம் சேர்ந்து கன்னத்தில் எழுதுவது அது. குங்குமம், ஒட்டுப் பொட்டு, தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமல் வரும் திட்டுகளும் உண்டு. ஒட்டுப் பொட்டின் பசையில் உள்ள ஒரு ரசாயனம் நெற்றியில் வெள்ளைத் திட்டு விழவைக்கும். ஷூ ஒட்டும் பசைகளிலும் அதன் உறவுக்காரப் பிசின் இருக்கிறது. காரணம் வேறு வேறாக இருக்கும்போது ஒரே ட்யூப் எப்படி எல்லாவற்றுக்கும் மருந்தாகும்?

அன்றையும் இன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. அன்று வீட்டுப் பொடி தன் எல்லையைத் தெரிந்து வைத்திருந்தது. தோலில் திடீரென்று நிறம் மாறினால், பாகாயத்துக்காரர்கள் அதை நோயின் சேதி என்று படித்தார்கள். பயத்தில் படித்தார்கள், தொழுநோயாளியை ஒதுக்கிய கொடுமையோடு படித்தார்கள்; ஆனாலும் படித்தார்கள். இன்று மருத்துவம் பஸ் தூரத்தில் இருக்கிறது. கல்லூரி இங்கேயே, 2005-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி சற்றுத் தள்ளி அடுக்கம்பாறையில். அப்படியிருந்தும் சேதியைப் படிக்காமல், அதன் மேல் வெள்ளை அடிக்கிறோம்.

நிறம் சீராக வேண்டும் என்பவர்களுக்கு வீட்டிலேயே உள்ள நல்ல வைத்தியம் ஒன்று உண்டு. குடை. துப்பட்டாவோ தொப்பியோ அடுத்தது. காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை வெயிலைக் குறைப்பது. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்திலும் கழுத்திலும் பூசி, வெளியில் நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுவது. மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்திலேயே இருக்கும் வகை இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும். இதற்குப் பிறகு பயத்தம் மாவு பூசிக் குளிப்பதில் தடையே இல்லை; மணக்கும், இதமாக இருக்கும்.

கடைசியாக, இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து, முகத்துக்குப் பூசும் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். மோமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், ஃபுளுவோசினோலோன் என்று இந்தப் பெயர்களில் ஒன்று இருந்து, அதை எந்த மருத்துவரும் உங்களுக்கு எழுதித் தரவில்லை என்றால், ட்யூபோடு ஒரு சரும மருத்துவரைப் பாருங்கள். பல மாதமாகப் பூசியிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். எப்படிக் குறைப்பது என்று அவரே சொல்வார். பொருள்களின் பெயரே அச்சாகாத ட்யூபாக இருந்தால் மட்டும் இன்றோடு பூசுவதை விட்டுவிட்டு, அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால் எந்தப் பொடியும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் அதற்கான மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.